கைதட்டி வெட்டச் சொன்ன மரம்

கைதட்டி என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில். அடுப்படி எது, குளியலறை எது என்றுகூடப் பிடிபடாத புது வீடு. பின்பக்கம் யாரோ படபடவென்று கைதட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் தட்டல். பல் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"யாருங்க காலங்காத்தால கைதட்டுறது?"

"கைதட்டி."

"தட்டுறது யாருன்னுதான் கேக்கறேன்."

"அதைத்தானே சொல்றேன். எங்க அக்கா. கைதட்டின்னுதான் கூப்பிடுவோம்."

"எதுக்குத் தட்டுறாங்க? யாரு ஜெயிச்சாங்க?"

வாயில் நுரையோடு சிரித்தார். "இதுவரைக்கும் குருவிதான்."

கைதட்டிக்கும் பள்ளிக்கூடத்தில் எழுதின பேர் ஒன்று உண்டு. அந்தப் பேரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. தபால்காரரே கைதட்டி வீடு என்றுதான் சொல்வார். என் மாமியாருக்கு நாலு பிள்ளைகள். மூத்தது ஆண், ஏழாம் நாளே போய்விட்டது. அடுத்தது கைதட்டி. அவருக்கு நாலு வயது இளையவர் என் வீட்டுக்காரர். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வந்து பிறந்தவள் சின்னவள். மாமியாருக்கு அப்போது உடம்பு முடியாததால் அந்தக் குழந்தையை இடுப்பில் சுமந்து வளர்த்தது கைதட்டிதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சந்து. அதைத் தாண்டினால் கைதட்டி வீட்டுப் பின்வாசல். நான் தாளித்தால் அவர் தும்முவார், அவ்வளவு பக்கம்.

அவருக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கட்டடத்தில். அங்கே தையல் அறை என்று ஒன்று உண்டு. கிழிந்த போர்வை, தலையணை உறை, கொசுவலை, டாக்டர்கள் போடும் பச்சை அங்கி எல்லாம் அந்த அறைக்கு வரும். முப்பத்தோரு வருஷம் அங்கே உட்கார்ந்து தைத்தார். மொட்டை மாடியில் வெளுத்த துணி காயும்போது காக்கை எச்சம் போட்டால் முழுதும் மறுபடி வெளுக்க வேண்டும். அதனால் அரைமணிக்கு ஒருதரம் இவரை மாடிக்கு அனுப்புவார்கள். போய் நின்று தட்டுவார். பேர் அங்கே வந்ததுதான்.

கிழிசல் எங்கே இருக்கிறது என்று அவர் கண்ணால் தேடமாட்டார். துணியை மடியில் போட்டு விரலை ஓட்டுவார். பாசிப்பயறு அளவு ஓட்டையாக இருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். "இது ஆணியில மாட்டினது. இது எலி கடிச்சது. இது எவனோ சிகரெட்டால சுட்டிருக்கான்" என்று அந்த ஓட்டை பிறந்த கதையையே சொல்வார். நான் ஒருமுறை சோதித்துப் பார்ப்பதற்காக என் பழைய பாவாடையைக் கொடுத்தேன். விரலை ஓட்டிவிட்டு, "இங்க நீயே கத்தரிக்கோல் வச்சிருக்க, எதுக்கு?" என்றார். எனக்கு முகம் செத்துப்போய்விட்டது.

வீட்டுக்குப் பின்னால் முப்பதடி நீளம், பதினாலடி அகலத்துக்கு மண். தக்காளி, கத்தரி, மிளகாய், அவரைப் பந்தல், ஓரத்தில் முட்டைக்கோஸ், சுவரில் ஏறிய பீர்க்கு. அதைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டைச் சொன்னால் ஒரு நாள் போதாது. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட கொசுவலைகளைக் கேட்டு வாங்கி வந்து ஒன்றோடொன்று தைத்துப் பாத்திக்கு மேல் கூடாரம் போட்டார். காய் பிஞ்சாக இருக்கும்போதே பழைய தலையணை உறையை வெட்டித் தைத்த சின்னப் பைக்குள் விட்டுக் காம்பில் முடிச்சுப் போடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் செடியெல்லாம் தலையில் கட்டுப் போட்ட நோயாளி மாதிரி நிற்கும். "உங்க தோட்டம் என்ன அண்ணி, பொது வார்டு மாதிரி இருக்கு" என்று நான் சொன்னால் சிரிப்பார். நத்தைக்கு ஈரச் சாக்கை மடித்துப் பாத்தி ஓரம் போட்டு வைப்பார். காலையில் எடுத்துப் பார்த்தால் அடியில் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டி எடுத்துவிடுவார். செடிப்பேனுக்குச் சாம்பல் தூவுவார், சோப்புத் தண்ணீர் தெளிப்பார். புழுவைக் கையால்தான் பொறுக்குவார், ஒரு தகர டப்பாவில்.

ஆனால் பறவையை ஒரு கல்லால் அடித்ததில்லை. கண்ணி வைத்ததில்லை. மருந்து கலந்து வைக்கலாம் என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, "பசிக்கு வருது. வராதேன்னு சொல்ல எனக்கு ரெண்டு கை இருக்கு. அது போதும்" என்றார்.

கைதட்டியின் வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர்க்காரர். அதிர்ந்து பேசாத மனுஷன். அந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம் தோட்டத்து மூலையில் ஒரு கொய்யா நட்டார். அதன் நிழலில் பெஞ்சு போட்டுத்தான் ரேடியோவைப் பிரித்து வேலை பார்ப்பார். பாட்டு நின்றுபோன கேசட்டுகளின் நாடாவை உருவி, அந்த மரத்திலிருந்து பந்தல் வரை கட்டிவிட்டதும் அவர்தான். காற்றடித்தால் நாடா மினுங்கி விர்ரென்று சத்தம் போடும், குருவி கிட்டே வராது. அவர் நெஞ்சு வலியில் திடுமென்று போன பிறகும் நாடாவும் பெஞ்சும் அப்படியே இருந்தன. கைதட்டிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. வீட்டுக்காரரைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் மரத்தைப் பற்றிப் பேசுவார். "இந்த வருஷம் நிறையப் பூத்திருக்கு" என்பார். நமக்குப் புரிந்துவிடும்.

இப்போது ஆட்டுக் கதைக்கு வருகிறேன். ரேடியோக்காரர் உயிரோடு இருந்த காலத்திலேயே நடந்தது அது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், எப்போதும் அவசரம். ஒருநாள் அக்கா வீட்டு ஏணியை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். கதவைச் சாத்தவில்லை. சந்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று உள்ளே போய்விட்டது. வலைக்கடியில் தலையை விட்டு முட்டைக்கோஸ் முழுவதையும், அவரைப் பந்தலில் பாதியையும் தின்று தீர்த்து, போகிறபோது கொசுவலையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறது. சந்தில் ஆடு கல்யாணப் பெண் மாதிரி முக்காடு போட்டு நடந்து வந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சிரித்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"கதவைச் சாத்தினியா?"

"மறந்துட்டேன் அக்கா. ஆடு தின்னா நான் என்ன பண்றது? ஆட்டுகிட்ட கேளு."

"சரி. இனிமே ஆடே உனக்கு அக்கா."

விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைத்தோம். பதினோரு வருஷம் பேசவில்லை. ரேடியோக்காரர் இறந்த அன்று என் வீட்டுக்காரர் போய் முற்றத்தில் நின்றார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை, "தப்பு அக்கா" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இவருக்கு அது வாயில் வரவில்லை. ஏணி எங்கள் வீட்டிலேயே நின்றது. திருப்பிக் கொடுக்கப் போனால் பேச வேண்டும், பேசாமல் எப்படிக் கொடுப்பது என்று அங்கேயே சாத்தி வைத்திருந்தோம்.

சின்னவள் அதுவரை எங்களோடு இருந்தாள். மருந்துக்கடையில் வேலை. கல்யாணம் இரண்டு இடம் கூடிவந்து கலைந்தது, அதற்கப்புறம் வேண்டாம் என்றுவிட்டாள். ரேடியோக்காரர் போனதும் பெரியவர் கைதட்டிக்குத் துணையாக அந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் எங்கள் வீட்டில் தலை காட்டாமல் போகமாட்டாள். அக்காவும் வேண்டும், அண்ணனும் வேண்டும் அவளுக்கு. நடுவில் கிடந்து திண்டாடினாள்.

அப்புறம்தான் கைதட்டிக்குக் கண்புரை வந்தது. இரண்டு கண்ணிலும். "எல்லாத்தையும் சோப்புத் தண்ணிக்குள்ளேருந்து பாக்கிற மாதிரி இருக்கு" என்றாராம். சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது இறங்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருஷமும் தோட்டத்தைப் பார்த்துச் சொல்லும் கண் சின்னவள்தான். எது பழுத்தது, எது பூத்தது, எதில் புழு என்று அவள் சொல்லுவாள், இவர் கேட்டுக்கொள்வார்.

அதே சமயத்தில் என் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி மூடியைச் சரிபண்ண அந்த ஏணியில் ஏறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மூன்று மாதம் படுக்கை. வேன் போயிற்று. நாலு பேர் வந்து பார்த்தார்கள், சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்கா வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பாடு இறங்கவில்லை. "அக்கா கேட்டாளா?" என்று சின்னவளிடம் மட்டும் கேட்பார். அவள் என்ன சொல்வாள் பாவம்.

ஒருநாள் பை நிறையத் தக்காளியோடு வந்தாள். அடுப்படியில் என் காதோடு சொன்னாள்.

"அண்ணி, அக்கா குடுத்து விட்டுது. அண்ணனுக்கு."

"நெசமாவா?"

"ஆமா. ஆனா நீங்க அங்க வந்து ஒண்ணும் கேட்டுடாதீங்க. ரோஷக்காரி. தெரிஞ்ச மாதிரி காட்டினா அதோட நிறுத்திடும்."

அன்று என் வீட்டுக்காரர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். ஒரு துண்டைக் கையில் எடுத்து மோந்து பார்த்து, "கடையில இந்த வாசம் வராது. அக்கா மனசு இறங்கிட்டா" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு பை, மூன்று பை. அவரை, கத்தரி, பீர்க்கு. நானும் வாங்கிப் போட்டுச் சமைத்தேன்.

இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குக் குழம்பும். பின்னாளில் சின்னவள் என் முன்னால் உட்கார்ந்து அழுதழுது சொன்னது இது. கைதட்டி எதையும் கொடுத்து அனுப்பவில்லை. காய் எங்கே என்று பெரியவர் கேட்டால், "குருவி கொத்திடுச்சு அக்கா" என்று இவள் சொல்லியிருக்கிறாள். இங்கே வந்து அக்கா கொடுத்தாள் என்றாள், அங்கே போய்க் குருவி தின்றது என்றாள். கொஞ்ச நாளில் அண்ணன் எழுந்து நடந்து தானாகவே அக்காவிடம் போய்விடுவான், எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

பெரியவர் சும்மா நம்புகிறவரா? "கொத்தின காயைக் கொண்டா, பாக்கறேன்" என்றிருக்கிறார். பார்ப்பது என்றால் விரலால். சின்னவள் என்ன செய்தாள், தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து ஒரு பழத்தில் நாலு குத்துக் குத்தி அவர் கையில் வைத்துவிட்டாள். அவர் தடவிப் பார்த்தார்.

"என்னடி இது? ரெண்டு ரெண்டா இருக்கு, எல்லாம் ஒரே அளவு தள்ளி?"

"அலகுக்கா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"பிய்ஞ்சு போகாம, தச்ச மாதிரி இருக்கே."

"புதுசா ஏதோ ஒரு குருவி வருது. வாய் ரொம்பக் கூர்."

"ம்" என்று சொல்லிப் பழத்தைக் கீழே வைத்துவிட்டாராம்.

அதிலிருந்து அந்தப் புதுக் குருவியோடு சண்டை ஆரம்பித்தது. வலையை இரட்டையாகத் தைத்தார், கண் தெரியாமலே, விரலை ஊசியால் குத்திக்கொண்டு. பைகளை இன்னும் கெட்டித் துணியில் தைத்தார். காலையில் மட்டும் தட்டுகிறவர் நாளெல்லாம் தட்ட ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அவர் தட்டிக்கொண்டே இருப்பார், நான் அவர் வீட்டுக் காயை நறுக்கிக்கொண்டே இருப்பேன். "அக்காவுக்கு இன்னும் தெம்பு இருக்கு பாரு" என்று என் வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். ஒரு மாதம் கழித்துப் பெரியவருடைய உள்ளங்கை தோல் உரிந்து சிவந்து கிடந்ததாம். தட்டினால் எரிகிறது என்று இரண்டு தகரத் தட்டை வைத்து அடித்திருக்கிறார்.

"இத்தனை பண்ணியும் எப்படி வருது? எங்கேருந்து வருது?" என்று ஒருநாள் சின்னவளிடம் கேட்டிருக்கிறார்.

அன்று அவள் ஒரு பதில் சொன்னாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"கொய்யா மரத்துலதான் அடையுதுக்கா. அங்கேருந்து நேரா எறங்குது."

அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு மாதம் பேசவில்லை. சின்னவளும் மறந்துவிட்டார் என்றே நினைத்தாள். காய் எடுப்பதையாவது குறைத்தாளா, அதுவும் இல்லை. அண்ணன் எழுந்து ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்திருந்தார். இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று இழுத்துக்கொண்டே போனாள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அந்த வீட்டில் ரம்பம் இழுக்கிற சத்தம் கேட்டது. நான் மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மரம் வெட்டுகிற ஆள் இரண்டு பேர். பெஞ்சை நகர்த்தி வைத்திருந்தார்கள். கைதட்டி மரத்துக்கிட்டே போய் இரண்டு கையாலும் அடிமரத்தைத் தடவினார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். ஒரு துணியில் கிழிசல் தேடுகிற மாதிரியே இருந்தது எனக்கு. அப்புறம் நகர்ந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து, "ம், ஆரம்பிங்க" என்றார்.

சின்னவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

மரம் சாய்ந்ததும் நாடாவெல்லாம் அறுந்து காற்றில் பறந்தது. குருவிகள் சந்துக்கு மேலே வட்டம் போட்டுக் கத்தின. "விழுந்துடுச்சா?" என்று கைதட்டி கேட்டார். விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது, அவருக்குக் கேட்காதா? ஆனாலும் கேட்டார்.

நான் அன்று மாலை சின்னவளைப் பிடித்து, "எதுக்குடி வெட்டினாங்க?" என்றேன். "வேர் சுவரைத் தள்ளுது அண்ணி" என்றாள். என்னிடமும் பொய்தான். அன்று காலையில் அவள் கொண்டுவந்த பீர்க்கங்காய் என் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் நினைக்காதது. மரம் போய் மூன்று வாரத்தில் தோட்டம் முழுக்கப் புழு. முட்டைக்கோஸ் இலையெல்லாம் சல்லடை. அவரைப் பூவைத் துளைத்துத் தின்றது. மரத்தில் இருந்த குருவிகள் இத்தனை வருஷமாகப் பொறுக்கியது இந்தப் புழுவைத்தான். அதுகள் காயை ஒன்றிரண்டு கொத்தியிருக்கலாம். ஆனால் புழுவை அடக்கி வைத்திருந்ததும் அதுகளே. இப்போது திருடுவதற்கும் அங்கே காய் இல்லை. சின்னவள் பை கொண்டுவருவது தானாக நின்றது.

இதற்குள் சர்க்கரை இறங்கி, கைதட்டிக்கு ஒரு கண் ஆபரேஷன் ஆயிற்று, ஒன்றரை மாதம் கழித்து அடுத்த கண். அது முடிந்த நான்காம் நாள் என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. அத்தனை நாள் அனுப்பியிருக்கா, நாம போகலைன்னா மனுஷங்களா? உன் காய் சாப்பிட்டுத்தான் எழுந்து நடக்கறான்னு சொல்லு. அவ முகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்தா நாளைக்கு நானே போறேன்."

சின்னவள் போகாதே என்று சொல்லியிருந்தாள்தான். ஆனால் நல்லதைச் சொல்லப் போகிறோம், இதில் என்ன என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு வருஷம் கழித்து அந்தப் பின்வாசலைத் தாண்டினேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் உட்கார்ந்து, கைதட்டி முட்டைக்கோசில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தார். தகர டப்பா மடியில். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வா. உனக்கு வயசாயிடுச்சே."

"உங்களுக்கு இப்பதானே கண்ணு தெரியுது அண்ணி. எனக்கு எப்பவோ ஆயிடுச்சு."

சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. சின்னவள் என் குரலைக் கேட்டு இரண்டு டம்ளர் டீயோடு வந்துகொண்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன்.

"அவர் உங்களைப் பாத்துட்டு வரச் சொன்னார் அண்ணி. நீங்க அனுப்பின காயெல்லாம் சாப்பிட்டுத்தான் எழுந்து நடக்கறேன்னு சொல்லச் சொன்னார்."

புழுவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"நான் அனுப்பினேனா?"

"ஆமா. சின்னவகிட்ட குடுத்து விட்டீங்களே. தக்காளி, அவரை..."

"எத்தனை நாளா?"

எனக்கு ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் பட்டது. ஆனால் வாயை இனி எங்கே மூடுவது? "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றேன்.

அவர் தலையைத் திருப்பிச் சின்னவளைப் பார்த்தார். அவள் வந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். அவள் டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை.

"டீயை வச்சுட்டு இங்க வா. குனி."

சின்னவள் குனிந்தாள். சின்ன வயதில் பேன் பார்க்கிற மாதிரி பெரியவர் அவள் தலையில் கைவிட்டுக் கொண்டை ஊசியை உருவினார். பக்கத்துச் செடியில் புழு தொடாத ஒரே ஒரு தக்காளிக்காய் இருந்தது. அதைப் பறித்து ஊசியால் ஒரு குத்து. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினார். இரண்டு ஓட்டை.

"இதேதான்" என்றார். "என் விரல் அன்னிக்கே சொல்லிச்சு. தச்ச மாதிரி இருக்கேன்னு சொல்லிச்சு. முப்பத்தோரு வருஷம் சோறு போட்ட விரலு. அதை நம்பல நான். உன்னை நம்பினேன்."

"அக்கா, நீயும் அண்ணனும் பேசிக்கணும்னுதான்... அண்ணன் சாப்பிடவே இல்லக்கா. உன் பேரைச் சொன்னாத்தான் சாப்பிட்டுது."

"தக்காளியை எடுத்துட்டுப் போய்க் குடுத்தே. சரி. கேட்டா நானே குடுத்திருப்பேனா மாட்டேனா, அது எனக்கே தெரியாது. பொய் சொன்னே. அதுவும் சரி. தங்கச்சிதானே, போகட்டும்." அவர் குரல் ஏறவே இல்லை. உட்கார்ந்திருந்த கட்டையை உள்ளங்கையால் தட்டினார். "இதுக்கு ஆள் வந்தானே. ரம்பத்தை எடுத்தானே. நான் அந்த நாற்காலியில உக்காந்திருந்தேனே. அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"பயமா இருந்துச்சுக்கா. அப்ப சொன்னா முன்னாடி சொன்னதெல்லாம் வெளிய வந்துடும்..."

"வந்திருக்கும். மரம் நின்னிருக்கும்."

நான் ஏதோ சொல்லி நடுவில் புகலாமா என்று பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் ஒரு வருஷமா வாங்கிச் சமைச்சே. சந்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்கே. ஒருநாள் வந்து, நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமே. இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

சின்னவள் வரவேண்டாம் என்றாள் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவள்மேல் இன்னொன்று ஏறும். சொல்லாமல் விட்டதால் என்மேல் ஏறிற்று. இன்று வரைக்கும் இறங்கவில்லை.

அவர் எழுந்து உள்ளே போனார். சின்னவளின் துணி, மருந்துக்கடை அங்கி, அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது போர்த்திய போர்வை ஒன்று, எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்தார். மடிப்புக் கலையாமல், ஆஸ்பத்திரித் துணி அடுக்குகிற மாதிரி அடுக்கினார். பெட்டியைப் பின்வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணன் வீட்டுல இடம் இருக்கும்" என்றார். திட்டியிருந்தால்கூட அவள் காலைப் பிடித்திருப்பாள். திட்டாதவர் காலை எப்படிப் பிடிப்பது?

நான் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப அவ ஒண்ணுமே அனுப்பலையா?"

"இல்லைங்க."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். மறுநாள் காலையில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ஏணியைத் தூக்கி வரச் சொன்னார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் சின்னவள். பின்வாசலில் சாத்தி வைத்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார். நான் சந்து முனையிலேயே நின்றேன்.

"அக்கா. கதவைச் சாத்தாம வந்தது தப்பு. சிரிச்சதும் தப்பு."

வலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆட்டை நான் எப்பவோ மறந்துட்டேன்டா. நீ வாயைத் திறக்கத்தான் இத்தனை வருஷம் ஆச்சு. நீ அன்னிக்கே சொல்லியிருந்தா இவ எதுக்குப் பொய் சொல்லப் போறா?"

என் வீட்டுக்காரர் அந்தச் சந்தில் நின்று அழுததைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, திரும்பிக்கொண்டேன். ஏணியைக் கைதட்டி உள்ளே எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டார். அந்தச் சாத்தலும் மெதுவாகத்தான் இருந்தது.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் போன வருஷம் காலமானார். அன்று கைதட்டி வந்தார். தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிரிந்திருந்த தையல் ஒன்றில் விரல் நின்றது. என்னிடம் ஊசி நூல் கேட்டு வாங்கித் தைத்து முடித்துவிட்டு எழுந்து போனார். சின்னவள் கதவோரம்தான் நின்றாள். அவளைத் தாண்டித்தான் போனார்.

சின்னவள் என் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டுவிட்டாள். தக்காளி சாப்பிடுவதில்லை. மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காலையில் கொஞ்ச நேரம் நிற்பாள். அந்தப் பக்கம் கைதட்டும் சத்தம் வருவதில்லை. குருவி வந்தால்தானே தட்டுவதற்கு.

கைதட்டிக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அதே வீட்டில் தனியாக இருக்கிறார். காலையில் அடிக்கட்டைமேல் உட்கார்ந்து புழு பொறுக்குகிறார். பின்வாசல் உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது.